செக்கிங் அக்காவின் குறிப்பேடு

“தம்பி, அந்த பெஞ்சுல உக்காராத.”

செக்கிங் அக்கா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். நீ யார், எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்று எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக்காக நான் அந்தப் பள்ளிக்குப் போன முதல் நாள் அது. ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குப் பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை. தேய்த்த மடிப்புக் கலையாத சட்டையோடு, ஜன்னலோரம் இருந்த மூன்றாவது பெஞ்சில் பையை வைத்துவிட்டு உட்காரப் போனேன். சுவரோரம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், பிள்ளையைச் சேர்க்க வந்த யாரோ அம்மா என்று நினைத்தேன்.

“ஏங்க, பெஞ்சு உடைஞ்சிருக்கா?”

“பெஞ்சு நல்லாத்தான் இருக்கு. மேல பாரு.”

ஜன்னலுக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில், ஒரு விரிசல் கிளம்பிச் சுவரில் இறங்கியிருந்தது. தலைமுடி கனம்தான் இருக்கும்.

“இதுக்கா? எங்க ஊரு பள்ளிக்கூடத்துல பாதி ரூமுக்குக் கூரையே கிடையாது” என்றேன்.

“கூரை இல்லைன்னா விழறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து தையல்காரர்கள் வைத்திருக்கும் டேப்பை எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறினார். “முப்பத்தொண்ணு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விரிசல் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார். இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான், “நான் சயின்ஸ். நீ மேத்ஸா?” என்றார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. என்னைப் போலவே பயிற்சிக்கு வந்திருந்த அவருக்கு முப்பத்தெட்டு. ஆயத்த ஆடைகள் தைக்கும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவர். தைத்து வரும் சட்டைகளை விளக்குக்குக் கீழே விரித்து, தையல் விட்ட இடம், கறை, கோணல் எல்லாவற்றையும் பார்த்து, எங்கே, எவ்வளவு என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். அந்த வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியிருந்தார். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். “ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல பரீட்சை வருது தம்பி. அடுப்பை யாரு பாக்குறதுன்னு வீட்டுல தினம் வழக்கு” என்பார். சக பயிற்சி ஆசிரியர்கள் எல்லாருக்கும் அவர் செக்கிங் அக்கா. கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. என் அப்பா கூலிக்குப் போகிற தோட்டங்களில் எல்லாம், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும், “பையன் வாத்தியாருக்குப் படிக்கிறான்” என்று சொல்லிவைத்திருந்தார். என் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். பள்ளியிலிருந்தே அதற்குப் பெயர் வாங்கியவன். அந்தக் கையெழுத்தால் எனக்கு ஒரு தலைக்குனிவு வரும் என்று அப்போது தெரியாது.

பயிற்சி பதினாறு வாரம். ஒவ்வொரு நாளும் அரைப் பக்கம் ‘சிந்தனைக் குறிப்பு’ எழுத வேண்டும்: இன்று என்ன நடத்தினேன், பிள்ளைகள் என்ன கற்றார்கள், நான் என்ன கற்றேன். வெள்ளிக்கிழமைதோறும் அதில் தலைமையாசிரியர் கையெழுத்திட வேண்டும். பதினாறு கையெழுத்து இருந்தால்தான் நிறைவுச் சான்று. அது இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள்.

ஆனால் நடைமுறை வேறு. போன வருடம் படித்தவர்கள் தங்கள் குறிப்பேட்டை அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தேதியை மட்டும் மாற்றிப் பார்த்து எழுத வேண்டியதுதான். எனக்குக் கிடைத்த குறிப்பேடு நான்கு கை மாறி வந்தது. இரண்டாம் வாரத்திலேயே பதினாறு வாரத்தையும் எழுதி முடித்துவிட்டேன். பெரிய சாரிடம், அதாவது தலைமையாசிரியரிடம், கொண்டுபோனேன். யாருடனோ போனில் பேசிக்கொண்டே முதல் பக்கத்தைப் பார்த்தார். “நல்ல கையெழுத்துப்பா. வாராவாரம் வந்து வாசல்ல நிக்காத” என்று பதினாறு கட்டத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வேலை முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அக்கா அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார்.

“பன்னெண்டாவது வாரம், செவ்வாய். ‘இன்று பின்னங்கள் பாடத்தில் மாணவர்களின் ஐயங்கள் நீங்கின.’ ஏன் தம்பி, ஜோசியமும் பாப்பியா?”

“எல்லாரும் இப்படித்தான்க்கா எழுதுறாங்க.”

“எழுதட்டும். அன்னைக்கு ஐயம் நீங்கலைன்னா என்ன பண்ணுவ?”

“நீங்கிடும்க்கா. நான்தானே நடத்துறேன்.”

அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை இரண்டு கையாலும் மூடிக் கொடுத்தார்.

அவருடைய குறிப்பேட்டில் ‘ஆர்வம்’, ‘ஈடுபாடு’ போன்ற சொற்கள் இருக்காது. கம்பெனியில் சீட்டு எழுதிய மாதிரியே எழுதுவார். “திங்கள். தாவரப் பகுதிகள். 44 பேரில் 9 பேருக்கு வேர் என்றால் மண்ணுக்குள் இருப்பது. எதற்கு என்று தெரியவில்லை. நான் வேகமாகப் போனேன்.” “புதன். ஒரு பெண் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். கண் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.” ஒவ்வொரு திங்கட்கிழமைக் குறிப்பின் கடைசியிலும் ஒரு வரி இருக்கும்: “விரிசல் 31 செ.மீ.” “விரிசல் 36.” “36.” “43.”

அந்தப் பெண்ணின் பட்டப்பெயர் மைக். அவள் பதில் சொன்னால் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் கணக்கு வகுப்பில் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் கணக்கைத் தப்பில்லாமல் போடுவாள். இடத்துக்குப் போனால் நோட்டில் எல்லாம் தப்பு. திமிர் என்று முடிவு கட்டியிருந்தேன். இரண்டு முறை நிற்கவைத்தும் இருக்கிறேன். அக்காவின் குறிப்பைப் படித்த அன்றுதான், ஒரு மாதம் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நின்று பாடம் நடத்தியும் அவள் கண்ணை இடுக்குவதை நான் பார்க்கவே இல்லை என்று உறைத்தது. கற்பித்தல் முறைகள் பற்றிய தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் நான்.

அக்கா மைக்கை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். மற்ற மூன்று பேரையும் வேறு பெஞ்சுகளில் நெருக்கி உட்காரவைத்துவிட்டு, காலியான மூன்றாவது பெஞ்சைப் பின்சுவரோரம் இழுத்துப் போட்டார். “எங்க பெஞ்சுக்கு லீவு விட்டாச்சு” என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டினார்கள்.

நான்காம் வார வெள்ளிக்கிழமை அக்கா குறிப்பேட்டோடு பெரிய சாரிடம் போனார். வருகைப் பதிவேட்டைக் கொடுக்க நானும் உள்ளே நின்றிருந்தேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் படிக்க ஆரம்பித்தார். மூன்று வாரமாக அவருக்கு நேரமில்லை என்று குறிப்பேடு திரும்பி வந்துகொண்டிருந்தது. அன்றுதான் படிக்கிறார்.

“என்னம்மா இது, விரிசல் நாப்பத்து மூணு? இது சிந்தனைக் குறிப்பா, கொத்தனார் குறிப்பா?”

“பாத்ததை எழுதினேன் சார்.”

“நீ பாடத்தைப் பாரு. சுவத்தை நான் பாத்துக்கறேன்.”

“பாத்தீங்கன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டா போதும் சார்.”

அவர் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“மூணு தடவை கல்வி ஆபீசுக்கு நேர்ல போய் வாய்விட்டுச் சொல்லியாச்சும்மா. எழுதிக் கொடுங்கன்னாங்க. எழுதிக் கொடுத்தா முதல் வேலையா ரூமைப் பூட்டுன்னுவாங்க. நாப்பத்து நாலு பிள்ளைங்களை எங்க கொண்டுபோய் வைக்க? இடமில்லைன்னா அடுத்த பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. ஆறு கிலோமீட்டர். பொம்பளைப் பிள்ளைங்க பாதி நின்னுடும். அடுத்த வருஷம் நான் ரிட்டயர்டு ஆகுறேன். இதுல கையெழுத்துப் போட்டா, தெரிஞ்சே உக்காரவச்சேன்னு ஆகும். போடலைன்னா எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.”

“விழுந்தா சார்?”

“இருபது வருஷமா விழல.”

அக்கா எழுந்தார். “அந்த வரியை மட்டும் விட்டுட்டு எழுதிக் கொண்டாம்மா, பதினாறையும் ஒண்ணா போட்டுத் தரேன்” என்றார் பெரிய சார். கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் நானும் அதையே சொன்னேன். “ஒரு வரிதானேக்கா. பதினொரு வருஷம் கஷ்டப்பட்டு இங்க வந்திருக்கீங்க. இந்தச் சான்று இல்லைன்னா எல்லாம் வீணாப் போயிடும்.”

“கம்பெனியில ஒருநாள் சூப்பர்வைசர் சொன்னார்னு ஒரு பெட்டியைப் பாக்காமலே ‘ஓகே’ சீட்டு போட்டேன் தம்பி. குழந்தைங்க சட்டை. ஒரு காலர்ல ஊசி முனை ஒடிஞ்சு உள்ளயே இருந்திருக்கு. எந்தப் பிள்ளை கழுத்துல போய்க் குத்துச்சோ, இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

அடுத்த வெள்ளியும் போனார். அதற்கடுத்த வெள்ளியும் போனார். குறிப்பேடு கையெழுத்தில்லாமலே திரும்பி வந்தது. எட்டு வாரம், எட்டு காலிக் கட்டம்.

ஒன்பதாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. திங்கட்கிழமை அளவு எழுபது. விரிசலுக்குள் இப்போது அக்காவின் டேப் நுனி நுழைந்தது. காலையில் வகுப்பைத் திறந்தால் ஜன்னலோரத் தரையில் மாவு சலித்த மாதிரி வெள்ளைப் பொடி கிடக்கும். கூட்டுகிற அம்மா முணுமுணுத்துக்கொண்டே தள்ளுவார். புதன்கிழமை அந்த ஜன்னல் கதவு மூட வரவில்லை. இரண்டு பையன்கள் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. “நனைஞ்ச மரம் உப்பியிருக்கும்” என்றேன். அக்கா சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். “மரம் உப்பல தம்பி. சுவரு இறங்குது.”

வியாழக்கிழமை என்னுடைய பார்வை வகுப்பு. கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வந்து, பின்னால் உட்கார்ந்து, நான் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். கேட்கப்போகும் கேள்விகளை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழக்கிவைத்திருந்தேன். இதுவும் எல்லாரும் செய்வதுதான். காலையில் பெரிய சார் எட்டிப் பார்த்து, “வரிசை என்ன பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு? ஆள் வர்றதுக்குள்ள நேர் பண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது பெஞ்சைப் பழைய இடத்துக்கு இழுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். என் வகுப்பில் சத்தமாகவும் சரியாகவும் பதில் சொல்கிறவள் மைக். முதல் பெஞ்சிலிருந்து சொன்னால் பின்னால் இருக்கும் மேற்பார்வையாளருக்கு அவளைச் சரியாகத் தெரியாது. நடுவில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவளையும் இன்னொரு பெண்ணையும் மூன்றாவது பெஞ்சுக்குப் போகச் சொன்னேன்.

அக்கா கடைசி பெஞ்சில் இருந்தார். சக பயிற்சியாளரின் வகுப்பைக் கவனித்துக் குறிப்பு எழுத வேண்டும் என்பதும் விதி.

“தம்பி, அங்க வேண்டாம்.”

“ஒரு பீரியட்தான்க்கா. முடிஞ்சதும் மாத்திடறேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முழுக்கைச் சட்டை, புதுப் பேனா, கரும்பலகையில் வண்ணச் சாக்கட்டியில் நான் எழுதிவைத்த தலைப்பு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு தன் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் வரத் தாமதமானது. பிள்ளைகளைச் சும்மா வைக்க வேண்டாமே என்று ஒரு கணக்கைக் கேட்டேன். மைக் எழுந்தாள். பதில் சொல்ல வாயெடுத்தபோது மாடியில் யாரோ மேசையை இழுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது.

அக்கா எழுந்து ஓடிவருவதைப் பார்த்தேன். அதற்குள் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு கதவு அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து அழுகைச் சத்தம். பக்கத்துப் பெண்ணை அக்கா சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். மைக்கை இழுக்க முடியவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது. நெற்றியில் நாலு தையல். புகை அடங்கியதும் அவள் அழாமல், கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். “சார், பதில் பதினெட்டு” என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

திங்கட்கிழமை விசாரணை. கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கேள்வி ஒன்றுதான்: அறை ஆபத்தாக இருப்பது முன்பே தெரியுமா? பெரிய சார், “மழையில திடீர்னு விழுந்துடுச்சு. யாருக்கும் தெரியாது” என்றார். “ஒன்பது வாரமா எழுதியிருக்கேன் சார்” என்று அக்கா குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார்.

அதிகாரி புரட்டினார். “இதுல ஒரு கையெழுத்துகூட இல்லையே.”

“அப்பவே எழுதியிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா? விழுந்தப்புறம் உக்காந்து எழுதின நோட்டு அது” என்றார் பெரிய சார். பிறகு என் குறிப்பேட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். “அதே வகுப்புல இருந்த பையன். எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கான், பாருங்க. வாராவாரம் நான் கையெழுத்து போட்டிருக்கேன். விரிசல்னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாருங்க.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கல்லூரிக்குத் தெரிந்தால் என் பயிற்சி போய்விடும். அப்பா எத்தனை பேரிடம் சொல்லிவைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அதிகாரி அக்காவின் குறிப்பேட்டில் கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்கு வந்தார். சத்தமாகப் படித்தார். “வியாழன். மூன்றாம் பெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது. நான் ஒரு முறை வேண்டாம் என்றேன். பார்வை வகுப்பு நாள் என்று இரண்டாம் முறை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். என் தவறு.”

யார் இழுத்தது என்று அதில் இல்லை.

“சார், என் நோட்டுல அந்த வியாழனுக்கு அடுத்த பக்கத்தைத் திருப்புங்க” என்றேன்.

திருப்பினார். வெள்ளிக்கிழமை. அதன் பிறகு பத்தாம் வாரம். பதினோராம் வாரம். இன்னும் நடக்காத ஏழு வாரத்தில் மாணவர்கள் ஆர்வமாக இருந்தார்கள். ஐயங்கள் நீங்கின. எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்து இருந்தது.

“ரெண்டாவது வாரத்துலயே எழுதிட்டேன் சார். கையெழுத்தும் அன்னைக்கே வாங்கினதுதான். அக்கா எழுதினது உண்மை. பெரிய சார்கிட்ட அவங்க காட்டினப்ப நானும் இருந்தேன். பெஞ்சை இழுத்தது நான். அந்தப் பிள்ளையை அங்க உக்காரவச்சதும் நான்தான்.”

பெரிய சார் என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி இரண்டு குறிப்பேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அறிக்கை பத்து நாளில் வந்தது. ஒரு குறிப்பேடு முன்கூட்டியே எழுதப்பட்டது. மற்றொன்று உரிய கையொப்பம் இல்லாதது. எனவே இரண்டும் சான்றாக ஏற்கத்தக்கவை அல்ல. காரை விழுந்ததற்குக் காரணம் கனமழை. நேரில் கண்டேன் என்று நான் சொன்னது, பொய்க் குறிப்பு எழுதியவன் சொன்னதாயிற்றே, கணக்கில் வரவில்லை. என் பயிற்சி ரத்தானது. ஒரு வாரக் கையெழுத்துகூட இல்லாததால் அக்காவுக்கு நிறைவுச் சான்று மறுக்கப்பட்டது. பெரிய சார் நீண்ட விடுப்பில் போனார்.

அறிக்கை வந்த அன்று பேருந்து நிறுத்தத்தில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“என்கிட்ட எதுக்குக் கேக்குற? அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனியா?”

“இல்லக்கா.”

“போ. அம்மா திட்டுவாங்க. நின்னு கேட்டுட்டு வா.”

போனேன். திட்டினார்கள். நின்று கேட்டேன். அப்பாவிடம் போனில் சொன்னேன். “சரி, மறுபடி படி” என்றார். மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை குறிப்பேட்டை அன்றன்றைக்கு எழுதுகிறேன். சில நாள் இரண்டு வரிகூட வராது. என் வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாத நாட்கள் அவை. அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஆறு ‘பி’ அறைக்குக் காரை பூசி, வெள்ளையடித்து, மறுபடி திறந்துவிட்டார்கள். நாற்பத்து நாலு பேரும் அங்கேதான் படிக்கிறார்கள். மைக் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். கை கூடிவிட்டது. கேட்டால் மட்டும் பதில் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

செக்கிங் அக்காவுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. வேறொரு பள்ளியில் பதினாறு வாரப் பயிற்சியை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறார். ஏழாம் வகுப்பு, அறிவியல். இது ஆறாவது வாரம். இதுவரை மூன்று கையெழுத்து கிடைத்திருக்கிறது.